கொழுப்புக்கும் உடம்பில் ஓர் இடம் உண்டு

(புணே கிளையின் குடும்ப சங்கமத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் கிளைச் செயலாளர் போன மாதம் ஆத்துக்கு வந்து, "மாமி, இந்தத் தடவை ஆரோக்கியம் சம்பந்தமாகப் பேசுங்கள். கொழுப்பைப் பற்றிப் பேசினால் எல்லாருக்கும் உபயோகமாக இருக்கும்" என்றார். பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் அகத்துக்காரர், "அந்த விஷயத்துக்கு இவளைவிடத் தகுந்த ஆள் கிடைக்க மாட்டா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். 31 வருஷம் மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் அப்படிச் சொன்னார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தமிழில் இந்த வார்த்தைக்கு நல்ல பெயர் கிடையாது. குழந்தை எதிர்த்துப் பேசினால் "என்ன கொழுப்பு உனக்கு" என்கிறோம். சம்ஸ்கிருதத்தில் கதை வேறு. எண்ணெய், நெய் போன்ற பசையுள்ள பொருளுக்கு ‘ஸ்நேஹம்’ என்று பெயர். அன்புக்கும் அதே பெயர்தான். நாம் சொல்லும் சிநேகிதன், சிநேகிதி எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஒரு பாஷை திட்டுகிறது, ஒரு பாஷை கொண்டாடுகிறது. இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். இதை நான் புத்தகத்தில் கற்றுக்கொண்டதைவிட என் பெற்றோர் அகத்தில் கற்றுக்கொண்டதுதான் அதிகம். அதற்குக் கொடுத்த விலையும் அதிகம்.

2006-ல் என் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. நான் பெரிய பெண். அதுவும் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுப்பவள். அவர் டிஸ்சார்ஜ் ஆகி வருவதற்குள் சமையலறைக்குள் போய் நெய் ஜாடியை எடுத்து வேலைக்காரியிடம் கொடுத்துவிட்டேன். எண்ணெய் டின்னும் போயிற்று. "இனிமேல் இந்த ஆத்தில் ஒரு சொட்டு எண்ணெய் கூடாது. தாளிதம் வெறும் வாணலியில். பால் ஆடை எடுத்த பால். தேங்காய் கிடையாது" என்று சட்டம் போட்டேன். அப்பாவுக்கு அதில் பெரும்பகுதி தேவையாகவே இருந்தது. அவர் ரத்தக்குழாய்களில் படிந்திருந்ததை நான் கண்ணால் படத்தில் பார்த்தவள்.

ஆனால் அந்த ஆத்தில் இன்னொரு ஜீவனும் இருந்தது. என் அம்மா. அப்போது அவளுக்கு 71 வயது, 46 கிலோ எடை. ரத்த அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை. "ஏண்டி, அவருக்குத்தானே வேண்டாம்னா. எனக்குப் பருப்பு சாதத்துல ஒரு ஸ்பூன் நெய் விட்டுக்கலாமோன்னோ?" என்று ஒரு நாள் கேட்டாள். "வேண்டாம்மா. ஆத்துல ஒண்ணு இருந்தா அப்பாவுக்கும் ஆசை வரும். நீயும் இப்படியே பழகிக்கோ" என்றேன். அவள் பழகிக்கொண்டாள். நம் அம்மாக்கள் எதைத்தான் பழகிக்கொள்ளவில்லை?

அதன் முடிவைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தக் கொழுப்பு உடம்பில் என்னதான் வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

சேமிப்புக் கணக்கு

முதல் வேலை எல்லாருக்கும் தெரிந்தது, சேமிப்பு. ஒரு கிராம் மாவுச்சத்திலும் ஒரு கிராம் புரதத்திலும் சுமார் 4 கலோரி இருக்கிறது. ஒரு கிராம் கொழுப்பில் 9. மேலும், மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜன் என்ற ரூபத்தில் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரையும் சேர்த்தே வைக்கிறது. கொழுப்புக்கு அந்தத் தண்ணீர்ச் சுமை கிடையாது.

60 கிலோ எடையுள்ள ஒரு மாமியை எடுத்துக்கொள்வோம். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அவருடைய உடம்பில் 15 கிலோ கொழுப்புத் திசு இருப்பது சகஜம். அதில் லட்சம் கலோரிக்கு மேல் இருக்கிறது, சுமார் இரண்டு மாதத்துச் சாப்பாடு. அதையே கிளைகோஜனாக வைத்திருந்தால் அந்தச் சேமிப்பு மட்டும் 100 கிலோவுக்கு மேல் கனக்கும். மாமி மாடிப்படி ஏற முடியாது.

கிளைகோஜன் இருப்பு எவ்வளவு? சாதாரணமாக அரைக் கிலோ சுமார். ஒரு நாள் தாண்டுவதே கஷ்டம். ஏகாதசியன்று சுத்த உபவாசம் இருப்பவர்களுக்கு ராத்திரி அன்னமிடுவது யார் என்று நினைக்கிறீர்கள்? கொழுப்புதான். நாம் ‘ஹார்ட்டுக்கு விரோதி’ என்று பேசுகிறோமே, அந்த இதயமே தனக்கு வேண்டிய எரிபொருளில் பாதிக்கு மேல் கொழுப்பு அமிலங்களிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

மதில், மெத்தை, கம்பளி

இரண்டாவது வேலை கட்டுமானம். உடம்பில் உள்ள கோடானுகோடி செல்களில் ஒவ்வொன்றையும் சுற்றி இருக்கும் மதில், இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது. அந்த மதில் இல்லாவிட்டால் உள்ளே எது, வெளியே எது என்றே இல்லை. நரம்புகளைச் சுற்றி மயலின் என்று ஓர் உறை உண்டு. மின்சார ஒயர் மேல் ரப்பர் உறை இருக்கிற மாதிரி. தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் அந்த உறையில் 70 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு வகைகள்தான். நம் கொலஸ்ட்ராலில் சுமார் கால் பாகம் மூளையில் இருக்கிறது. மூளை அதை ரத்தத்திலிருந்து வாங்குவதில்லை, தானே தயாரித்துக்கொள்கிறது. கொலஸ்ட்ரால் இல்லாமல் பித்தநீர் இல்லை, வெயிலில் விட்டமின் டி உண்டாவது இல்லை, ஆண் பெண் ஹார்மோன்கள் இல்லை.

மூன்றாவது, காப்பு. சிறுநீரகத்தைச் சுற்றி ஒரு கொழுப்பு மெத்தை. கண்ணுக்குப் பின்னால் ஒரு மெத்தை. நீண்ட நாள் படுத்தவர்களுக்குக் கண் குழி விழுகிறதே, அந்த மெத்தை கரைவதும் அதற்கு ஒரு காரணம். குதிகாலில் ஒரு மெத்தை. இடுப்பெலும்புக்கு மேல் ஒரு மெத்தை. இந்தக் கடைசி மெத்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த குழந்தை குளிரில் நடுங்குவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அதற்கு நடுங்கத் தெரியாது. அதற்குப் பதில் தோள்பட்டைகளுக்கு நடுவில் பழுப்புக் கொழுப்பு என்று ஒரு வகையைப் பகவான் வைத்து அனுப்புகிறார். அது கொழுப்பை எரித்து நேராக உஷ்ணமாக மாற்றிவிடும். பெரியவர்களுக்கு இது இருக்காது என்றுதான் நான் வெகு காலம் பாடம் சொன்னேன். 2009-ல் வந்த ஆராய்ச்சிகள், பெரியவர்களிடமும் கழுத்துப் பக்கத்தில் இது வேலை செய்கிறது என்று காட்டின. பாடத்தைத் திருத்திக்கொண்டேன்.

நான்காவது, போக்குவரத்து. விட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. சாப்பாட்டில் கொழுப்பு இருந்தால்தான் அவை குடலைத் தாண்டி உள்ளே வரும். அமெரிக்காவில் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்து 2004-ல் வெளியிட்டார்கள். பச்சைக் காய்கறிக் கலவையை எண்ணெய்ப் பசையே இல்லாமல் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில், கேரட், கீரையில் உள்ள கரோட்டீன் சத்து கிட்டத்தட்டச் சேரவே இல்லை. எண்ணெயோடு சாப்பிட்டபோது சேர்ந்தது. நம் பாட்டி கேரட் கோசுமல்லியில் கடுகு தாளித்துக் கொட்டினாள். அவள் அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை.

உடம்பால் தயாரிக்க முடியாத, சாப்பாட்டில் வந்தே ஆக வேண்டிய கொழுப்பு அமிலங்களும் உண்டு. 1929-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி, கொழுப்பை அடியோடு நீக்கிய ஆகாரத்தை எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகள் வளரவில்லை. தோலும் வாலும் செதில் செதிலாக உரிந்தன, சிறுநீரகம் கெட்டது. சொட்டுக் கணக்கில் லினோலிக் அமிலம் சேர்த்ததும் தேறின. கொழுப்பு வெறும் விறகு அல்ல, அத்தியாவசியம் என்று உலகம் ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

பேசும் கொழுப்பு

நான் படித்த காலத்தில் கொழுப்புத் திசு என்பது உக்கிராண அறை மாதிரி. சாமான் வைப்பது, எடுப்பது, அவ்வளவுதான். 1994-ல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர், கொழுப்புச் செல்கள் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க பாஷையில் ‘லெப்டோஸ்’ என்றால் ஒல்லி. ‘சேமிப்பு இவ்வளவு இருக்கிறது’ என்று மூளைக்கு ரத்தத்தின் வழியாகச் சொல்லி அனுப்பும் தூதன் அது. சேமிப்பு ரொம்பக் குறைந்தால் லெப்டினும் குறையும். உடனே மூளை, ‘இது பஞ்ச காலம், செலவைக் குறை’ என்று உத்தரவு போடும். வயசுப் பெண்கள் அளவுக்கு மீறிப் பட்டினி கிடந்து இளைத்தால் மாதவிலக்கு நின்றுபோவது இதனால்தான். பெண்ணைப் பெற்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறவியிலேயே கொழுப்புத் திசு இல்லாத குழந்தைகளும் அபூர்வமாக உண்டு. அவர்கள் ரொம்ப ஆரோக்கியமாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. கடுமையான சர்க்கரை நோய் வருகிறது, கல்லீரல் வீங்குகிறது, ரத்தத்தில் டிரைகிளிசரைடு எகிறுகிறது. காரணம், வைக்க வேண்டிய அறை இல்லாததால் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவர்களுக்கு லெப்டின் ஊசியைச் சிகிச்சையாக அமெரிக்காவில் 2014-ல் அனுமதித்தார்கள். ஆக, கொழுப்பு அதன் அறையில் இருக்கும்வரை காவல்காரன். அறையை விட்டு வெளியே வந்தால்தான் சத்ரு.

ஒல்லியானவருக்கு வந்த சர்க்கரை

இனி என் தம்பியின் கதை. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. 170 சென்டிமீட்டர் உயரம், 64 கிலோ. கையும் காலும் குச்சி மாதிரி. வெளியில் பார்த்தவர்கள், "உனக்கென்னப்பா, எது வேணுமானாலும் சாப்பிடலாம்" என்பார்கள். அவனும் சாப்பிட்டான். 2008-ல் ஆபீஸ் பரிசோதனையில் சர்க்கரை என்று தெரிந்தது. அப்போது அவனுக்கு 44 வயது. "அக்கா, நான் எங்கே குண்டா இருக்கேன்? மிஷின்ல ஏதோ தப்பு" என்று போனில் சண்டை போட்டான். "இடுப்பை அளந்து சொல்லு" என்றேன். 94 சென்டிமீட்டர்.

இதைப் புரியவைத்தது நம் ஊர்தான். புணே கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 1993 முதல் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தொடர்ந்து ஆராய்ந்தார். இங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. தசையும் வயிற்றுறுப்புகளும் நம் குழந்தைகளுக்கு ரொம்பக் குறைவு. தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லியான, ஆனால் கொழுப்புள்ள குழந்தை.

2004-ல் லான்செட் பத்திரிகையில் யாஜ்னிக் தன் படத்தையும், லண்டன் டாக்டர் யட்கின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட்டார். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு ஒன்றேதான், 22.3. ஆனால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். அவர் மாரத்தான் ஓடுபவர். தன் தேகப்பயிற்சி காலையில் ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவதுதான் என்று யாஜ்னிக் வேடிக்கையாக எழுதியிருந்தார். இதைப் படித்தபோது நம்மில் முக்கால்வாசிப் பேர் ஞாபகம் வந்தார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை டாக்டர்கள் அஞ்சனா, மோகன் குழுவினர் நாடு முழுவதும் எடுத்த கணக்கு 2023-ல் வெளிவந்தது. அதன்படி பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். எடைக் கணக்கில் பருமனானவர்கள் 28.6 சதவீதம். தொந்திக் கணக்கில் 39.5 சதவீதம். அதாவது தராசு சும்மா விடுகிற பலரை டேப் பிடித்துவிடுகிறது.

தோலுக்கு அடியில் தொடையிலும் இடுப்பிலும் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் சாது. வயிற்றுக்குள் குடலைச் சுற்றி இருக்கும் கொழுப்பு அப்படி அல்ல. அதிலிருந்து வடியும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் கேட்காமல் போவதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு விஷயம். இந்தக் கொழுப்பு எண்ணெய் சாப்பிட்டால்தான் வரும் என்று நினைக்காதீர்கள். என் தம்பி எண்ணெய்ப் பண்டம் அதிகம் தொடமாட்டான். மூன்று வேளையும் சாதம் அல்லது இட்லி, நாலு வேளை சர்க்கரை போட்ட காப்பி, நாள் முழுவதும் நாற்காலி. மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடும். ‘எங்காத்தில் எண்ணெயே கிடையாது’ என்பவர்களின் டிரைகிளிசரைடு 300 இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

என்ன செய்யலாம்?

மெனுவில் வடை இருக்கிறது என்று தெரியும். பயப்பட வேண்டாம். ஐந்தே விஷயம் சொல்கிறேன். வியாதிக்காரர்கள் தங்கள் டாக்டரின் வார்த்தையைத்தான் கேட்க வேண்டும்.

ஒன்று. தையல்கார டேப் ஒன்று வாங்குங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால், எடை எவ்வளவானாலும் சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் பார்த்துவிடுங்கள். வேஷ்டியும் மடிசாரும் எந்த இடுப்புக்கும் சரியாக வரும். பெல்ட் ஓட்டைதான் உண்மை சொல்லும்.

இரண்டு. எண்ணெயை ஸ்பூனில் அளக்க வேண்டாம், மாதக் கணக்கில் அளங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் போட்டிருக்கிறார்கள். மாதத்துக்குச் சுமார் 800 கிராம். நாலு பேர் இருக்கும் ஆத்தில் மாதம் 7 லிட்டர் செலவானால் யோசிக்க வேண்டும். கடை மிக்ஸரும் இந்தக் கணக்கில்தான் வரும்.

மூன்று. எந்த எண்ணெய் என்று கேட்பீர்கள். ஒன்றையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இவற்றோடு, வடக்கே இருப்பவர்கள் கடுகெண்ணெயும் சேர்த்துக்கொள்ளலாம். மீன் சாப்பிடாத நமக்கு ஒமேகா-3 கிடைக்க ஆளி விதை, வால்நட், கடுகெண்ணெய் போன்றவைதான் வழி. நெய்யிலும் தேங்காயெண்ணெயிலும் நிறைகொழுப்பு அதிகம். கெட்ட கொலஸ்ட்ராலை அது ஏற்றும். அதனால் அவை மணத்துக்கு இருக்கட்டும், பொரிக்க வேண்டாம். ‘கொலஸ்ட்ரால் அற்றது’ என்று எண்ணெய் பாக்கெட்டில் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் சொல்லும்படி கிடையாது.

நான்கு. காய்ச்சின எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். ஓட்டல்காரர்களுக்கு இதற்கு அரசாங்கமே 2018-ல் வரம்பு வைத்தது. டிரான்ஸ் கொழுப்பு எண்ணெய்களிலும் வனஸ்பதியிலும் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் விதி. விசேஷங்களுக்குப் பரிசாரகரிடம் எண்ணெயை எத்தனை தடவை காய்ச்சுகிறார் என்று தைரியமாகக் கேளுங்கள். முகூர்த்தத்துக்கு நகை வாங்குகிற செலவில் இரண்டு டின் எண்ணெய் பெரிதல்ல.

ஐந்து. இதுதான் எனக்கு முக்கியம். ஒருவருக்குப் போட்ட பத்தியத்தை ஆத்தில் இருக்கும் எல்லாருக்கும் போடாதீர்கள். தாய்ப்பாலில் உள்ள கலோரியில் சுமார் பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆடை எடுத்த பால் கொடுக்காதீர்கள். 70 வயதைத் தாண்டிய ஒல்லியான பெரியவர் இன்னும் இளைத்தால், ‘நல்லது, ஹார்ட்டுக்கு நல்லது’ என்று சொல்லாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

அம்மாவின் கதை

அம்மாவின் கதையை முடிக்க வேண்டும். எண்ணெய் இல்லாத சாப்பாட்டில் ருசி இல்லை. ருசி இல்லாததால் அவள் சாப்பாட்டின் அளவும் குறைந்தது. நெய்யும் எண்ணெயுமாகப் போன 5 ஸ்பூன் மட்டுமே நாளுக்கு 200 கலோரிக்கு மேல். அவளைப் போன்ற சின்ன உடம்புக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டில் பாதி. நான் லீவில் போகும்போதெல்லாம் அப்பாவின் ரிப்போர்ட்டைத்தான் பார்த்தேன். கொலஸ்ட்ரால் இறங்கியிருந்தது, எனக்குப் பெருமை. அம்மாவின் ரவிக்கை தோளில் தொங்குவதைப் பார்த்தேன். வயசானால் இளைப்பது சகஜம் என்று நினைத்தேன்.

2013-ல் ஒரு காலை, பூஜை அறை வாசலில் கால் தடுக்கி விழுந்தாள். உயரத்திலிருந்து அல்ல, நின்ற இடத்திலிருந்துதான். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள், 37 கிலோ. ஆபரேஷன் செய்த டாக்டர் என்னிடம், "எலும்பும் தேய்ந்திருக்கிறது, விழுந்தால் தாங்குவதற்கு மேலே சதையும் இல்லையே அம்மா. சரியாகச் சாப்பிடமாட்டார்களா?" என்று கேட்டார். அவருக்கு நான் என்ன உத்தியோகம் பார்க்கிறேன் என்று தெரியாது. நானும் சொல்லவில்லை.

எல்லாம் நெய் விடாததால்தான் என்று நான் சொல்லவில்லை. வயது, எலும்புத் தேய்மானம், வெயில் படாமல் சமையலறையிலேயே கழிந்த வாழ்க்கை எல்லாம் சேர்ந்தது. ஆனால் எடை குறைந்த முதியவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு அதிகம் வருகிறது என்று நான் வகுப்பில் சொன்னதுண்டு. என் ஆத்தில் அதைப் பார்க்கத் தவறினேன். படுக்கையில் இருந்தபோது அவளுக்குப் பருப்பு சாதம் பிசைந்து, நெய் விட்டு ஊட்டினேன். "இப்போ விடலாமா?" என்று கேட்டாள். குறும்பாகத்தான் கேட்டாள். அப்போது அவளால் நாலு கவளத்துக்கு மேல் சாப்பிட முடியவில்லை. 2014-ல் போய்ச் சேர்ந்தாள். அப்பா அதற்கு அடுத்த வருஷம்.

தம்பி அன்றிலிருந்து தினமும் ஒரு மணி நடக்கிறான். சாதத்தைப் பாதியாக்கி, பருப்பும் காயும் கூட்டினான். எடை இரண்டு கிலோதான் குறைந்தது. இடுப்பு 87-க்கு வந்தது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது. சாதத்தில் நெய்யை அவன் விடவில்லை, ஒரு ஸ்பூன்.

ஒவ்வொரு வருஷமும் அம்மாவின் சிராத்தத்துக்கு நான் பெங்களூர் போவேன். இலை போட்டதும் தம்பி அகத்துக்காரி முதலில் நெய்யைத்தான் அபிகாரம் பண்ணுவாள். கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா அன்று கேட்டதும் அந்த ஒரு ஸ்பூன்தான்.

நம் ஆத்துப் பெரியவர்களுக்கு அதை அவர்கள் இருக்கும்போதே, அவரவர் உடம்புக்குத் தக்கபடி பார்த்து விடுவோம்.  சாப்பாடு தயார் என்று ஜாடை காட்டுகிறார்கள். வடை ஒன்று போதும்.